பெயர் வைக்காத பாப்பாவும் நுங்கம்பாக்கத்துச் சிறுகோள்களும்

2025 ஜனவரியில் அக்காவுக்கு இரண்டாவது பெண் பிறந்தாள். அஸ்வினி நட்சத்திரம். பஞ்சாங்கத்தில் அஸ்வினிக்கு நாலு எழுத்து: சு, சே, சோ, லா. பாதத்துக்கு ஒன்று. ஜோசியர் பிறந்த நேரத்தைக் கணக்குப் போட்டு இரண்டாம் பாதம் என்று சொல்லிவிட்டார். ஆக, 'சே'.

"சேன்னு ஆரம்பிச்சு ஒரு புள்ளைக்குப் பேர் வைப்பாங்களா?" என்று அத்தான் கையை விரித்தார். அக்காவின் மாமியார் கொஞ்சம் இறங்கி வந்து, நாலில் எது வந்தாலும் சரிதான், லாவண்யா என்று வையுங்கள் என்றார். அது அப்போது ஓடிக்கொண்டிருந்த ஒரு சீரியலில் நல்லவளாக வருகிறவளின் பெயர் என்று அக்காவுக்குத் தெரியும். அதனாலேயே வேண்டாம் என்றாள். தொட்டில் போடுகிற நாளும் வந்துவிட்டது. குழந்தையின் காதில் மூன்று தடவை சொல்ல ஏதாவது ஒரு பெயர் வேண்டுமே என்று குலதெய்வத்தின் பெயரைச் சொல்லி ஒப்பேற்றினோம். வந்த உறவினர்கள் எல்லாரும் "பேர் என்ன?" என்று கேட்க, எல்லாருக்கும் "பாப்பா" என்றே பதில் போனது.

அந்த வாரங்களில்தான் செய்திகளில் ஒரு பாறை ஓடிக்கொண்டிருந்தது. 2032 டிசம்பர் 22 அன்று பூமியில் மோதக்கூடும் என்றார்கள். வாய்ப்பு நூற்றுக்கு மூன்று வரை ஏறி, பிப்ரவரி முடிவதற்குள் ஒன்றுமில்லை என்று இறங்கிவிட்டது. அத்தான் ஃபோனை என்னிடம் நீட்டினார். "2024 ஒய்ஆர்4. இது என்னடா பேரு, வண்டி நம்பர் மாதிரி?"

இதைக் கேட்பதற்கு என்னைவிடச் சரியான ஆள் அவருக்குக் கிடைத்திருக்க மாட்டான். சூரியனைச் சுற்றும் இந்த மாதிரிப் பாறைகளுக்குச் சிறுகோள்கள் என்று பெயர், அவற்றின் பெயர்க்கதைகளைப் படிப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். "அது பேரே இல்லை அத்தான். அதுவும் நம்ம பாப்பா மாதிரிதான். பஞ்சாங்க எழுத்து மட்டும் கிடைச்சிருக்கு" என்றேன்.

உண்மையிலேயே அப்படித்தான். வருடத்தை 24 பட்சமாகப் பிரித்துக்கொள்கிறார்கள். நம்முடைய வளர்பிறை தேய்பிறைக் கணக்கு இல்லை, காலண்டர் கணக்கு. மாதத்தின் முதல் 15 நாள் ஒரு பங்கு, மிச்சம் இன்னொரு பங்கு. ஜனவரி முதல் பாதிக்கு ஏ, பின்பாதிக்கு பி, பிப்ரவரி முதல் பாதிக்கு சி என்று போய் டிசம்பர் பின்பாதியில் ஒய் வரும். ஐ என்ற எழுத்து ஒன்று என்ற எண்ணைப் போலவே இருப்பதால் அதை விட்டுவிடுவார்கள். இசட்டுக்கு வேலையே வராது. ஒய்ஆர்4 கண்ணில் பட்டது 2024 டிசம்பர் 27, அதனால் ஒய்.

இரண்டாவது எழுத்து, அந்தப் பட்சத்தில் பிறந்த வரிசை. முதலில் கண்டது ஏ, அடுத்தது பி. இங்கேயும் ஐ கிடையாது, ஆகவே ஒரு சுற்றுக்கு 25 எழுத்து. சுற்று முடிந்துவிட்டால் மறுபடி ஏயிலிருந்து தொடங்கிப் பக்கத்தில் 1 போடுவார்கள். ஆர் 17-ஆவது எழுத்து. பக்கத்தில் 4 இருப்பதால் நான்கு சுற்று முடிந்திருக்கிறது. நாலு இருபத்தைந்து நூறு, கூட 17. அந்த அரை மாதத்துக் கணக்கில் 117-ஆவது பாறை. அத்தான் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். ஜோசியரிடம் அவர் இத்தனை கேள்வி கேட்கவில்லை.

இந்தக் குறியீட்டோடு ஒரு பாறை பல வருடம் சுற்றும். அதன் பாதை சந்தேகமில்லாமல் தெரிந்த பிறகுதான் நிரந்தர எண் கொடுப்பார்கள். எண் வந்த பிறகுதான் பெயர். கண்டுபிடித்தவருக்குப் பெயர் முன்மொழியும் உரிமை பத்து வருடம் இருக்கும். நம் ஊர்ப் பிறப்புச் சான்றிதழிலும் இதே ஏற்பாடு உண்டு. பெயர் இல்லாமலே பிறப்பைப் பதிந்துவிடலாம். ஒரு வருடத்துக்குள் பெயர் சேர்த்தால் கட்டணம் கிடையாது, அதற்கு மேல் காசு கட்டி 15 வருடம் வரை சேர்க்கலாம். இதைச் சொன்னதும் அக்காவின் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்து, சொல்லியிருக்கவே வேண்டாமோ என்று தோன்றியது.

இன்று எண் பெற்ற சிறுகோள்கள் எட்டு லட்சத்தைத் தாண்டிவிட்டன. பெயர் பெற்றவை சுமார் 25 ஆயிரம்தான். மற்றவை எல்லாம் பாப்பாக்கள்.

பெயர் வைக்கச் சட்டதிட்டங்கள் உண்டு. சர்வதேச வானியல் ஒன்றியத்தின் குழு ஒன்று ஒவ்வொரு பெயரையும் பார்த்து ஒப்புதல் தரும். ரோமன் எழுத்தில் 16-க்கு மேல் போகக் கூடாது. முடிந்தால் ஒரே சொல். வாயில் நுழைய வேண்டும், ஏற்கெனவே உள்ள பெயரோடு குழம்பக் கூடாது. அரசியல்வாதி, படைத்தலைவர் என்றால் இறந்து நூறு வருடம் ஆகியிருக்க வேண்டும். வியாபாரப் பெயருக்கு இடமில்லை. இந்த 16 எழுத்து விதியைப் படித்ததும் எனக்கு எங்கள் பெரியப்பா நினைவுக்கு வந்தார். வெங்கடசுப்பிரமணியன், ஆங்கிலத்தில் எழுதினால் 18. வங்கிப் படிவத்தின் கட்டத்துக்குள்ளேயே அடங்காதவர் வானத்தில் எப்படி அடங்குவார்? சுப்பிரமணியன் சந்திரசேகருக்கு அந்தச் சிக்கல் வரவில்லை. உலகம் அவரைக் கூப்பிட்ட சுருக்கப் பெயரே 1958-ஆம் எண் சிறுகோளுக்குப் போனது: சந்திரா.

முதல் சிறுகோளே பெயர்ச் சண்டையோடுதான் பிறந்தது. 1801 ஜனவரி 1 அன்று சிசிலித் தீவின் பலேர்மோவில் ஜுசெப்பே பியாட்சி அதைக் கண்டார். சிசிலியின் காவல் தெய்வமான விளைச்சல் தேவதை செரெஸின் பெயரை வைத்து, கூடவே தன் மன்னர் ஃபெர்டினாண்டின் பெயரையும் ஒட்டினார்: செரெஸ் ஃபெர்டினாண்டியா. சம்பளம் தருகிறவரை மறக்க முடியுமா? மற்ற நாட்டவருக்கு அந்த மன்னரிடம் சம்பளமில்லை. வாலை வெட்டிவிட்டு செரெஸை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

1850-இல் லண்டனில் ஜான் ரஸ்ஸல் ஹிண்ட் 12-ஆவது சிறுகோளைக் கண்டு விக்டோரியா என்றார். உயிரோடு இருக்கும் ராணியின் பெயரை வைப்பதா என்று அமெரிக்காவில் எதிர்ப்பு. அங்கே சிலர் அதை கிளியோ என்றே எழுதினார்கள். விக்டோரியா என்பது ரோமர்களின் வெற்றித் தேவதையின் பெயராக்கும் என்பது ஹிண்ட் தரப்பின் பதில். புராணப் பெயர் மாதிரியும் இருக்க வேண்டும், வேண்டியவர் மனமும் குளிர வேண்டும். இந்தச் சாமர்த்தியத்தை அதற்கப்புறம் பலர் செய்தார்கள். அதில் மிக அழகான பெயர், பின்னால் சென்னைக்கு வந்து சேர்ந்த ஒருவர் கண்ட சிறுகோளுக்குக் கிடைத்தது.

நார்மன் ராபர்ட் போக்சன். நட்சத்திரங்களின் பிரகாசத்தை அளக்க இன்றும் பயன்படும் அளவுகோலை 1856-இல் வரையறுத்தவர். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் சுமார் 2.512 மடங்கு என்ற கணக்கு அவருடையது. அதே வருடம் மே மாதம் ஆக்ஸ்ஃபோர்டில் 42-ஆவது சிறுகோளைக் கண்டார். அதற்கு அங்கே வானாய்வகத் தலைவராக இருந்த மானுவல் ஜான்சன் வைத்த பெயர் ஐசிஸ். எகிப்தியத் தேவதை. ஆக்ஸ்ஃபோர்டைத் தொட்டு ஓடும் தேம்ஸ் நதிக்கும் அந்த ஊரில் அதுதான் பெயர். போக்சனின் மூன்று வயது மகள் எலிசபெத் ஐசிஸின் பெயரும் அதுதான். யாரும் குறை சொல்ல முடியாத பெயர், கூடவே ஒரு அப்பாவின் மனமும் குளிர்ந்திருக்கும். எனக்குத் தெரிந்த சிறுகோள் பெயர்களில் இதைவிடப் பிடித்தது இன்னொன்று இல்லை.

1861-இன் தொடக்கத்தில் போக்சன் மதராஸ் வானாய்வகத்தின் பொறுப்பை ஏற்றார். இடம் நுங்கம்பாக்கம். இன்று கல்லூரிச் சாலையில் வானிலை மையம் இருக்கும் வளாகம். புயல் சமயத்தில் டிவிக்காரர்கள் மைக்கோடு நிற்பார்களே, அதே இடம். 1792-இல் தொலைநோக்கியைத் தாங்குவதற்காக நட்ட கருங்கல் தூண் ஒன்று அங்கே இன்னும் இருக்கிறது. தமிழ் உட்படப் பல மொழிகளில் அதில் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். ஆயிரம் வருடம் கழித்து வருகிறவர்களுக்கும் தெரியட்டும் என்று, கணித அறிவியல் ஆசியாவில் நடப்பட்ட காலத்தைக் குறித்து வைக்கிற வாசகம். நமக்கு முன்பே கணிதம் தெரியாதது போன்ற அந்தத் தோரணைக்குச் சிரிக்கலாம். தமிழில் வெட்டியதற்கு நன்றியும் சொல்லலாம்.

அப்போது சிறுகோள் வேட்டைக்குப் புகைப்படத் தட்டு வரவில்லை. கண்தான் கருவி. வானத்தின் ஒரு துண்டுக்கு வரைபடம் வைத்துக்கொண்டு, தொலைநோக்கியில் ஒரு தடவை, படத்தில் ஒரு தடவை என்று புள்ளிக்குப் புள்ளி ஒப்பிட வேண்டும். படத்தில் இல்லாத புள்ளி ஒன்று தெரிந்தால் உடனே குதிக்க முடியாது. வரைந்தவன் விட்டிருக்கலாம். காத்திருந்து மறுபடி பார்க்க வேண்டும். அந்தப் புள்ளி அக்கம்பக்கத்து விண்மீன்களை விட்டுக் கொஞ்சம் நகர்ந்திருந்தால்தான் அது சிறுகோள். நடுவில் மேகம் வந்துவிட்டால் எல்லாம் போச்சு. சென்னையின் ஐப்பசி, கார்த்திகை வானத்தை நினைத்துப் பாருங்கள்.

வந்து சில மாதம் ஆவதற்குள், 1861 ஏப்ரல் 17 அன்று, சித்திரை பிறந்த வாரத்திலேயே, போக்சனுக்கு நுங்கம்பாக்கத்து வானத்தில் அப்படி ஒரு புள்ளி கிடைத்தது. எண் 67. ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் அதுதான், அதனால் பெயர் ஏசியா. இங்கேயும் பழைய சாமர்த்தியம் தெரிகிறது. கிரேக்கப் புராணத்தில் ஏசியா என்று ஒரு கடல் தேவதை உண்டு. தேவதைக்குத் தேவதை, கண்டத்துக்குக் கண்டம்.

அப்புறம் 1864-இல் சாஃபோ, 1866-இல் சில்வியா, 1868-இல் கமில்லா, 1885-இல் வேரா. மொத்தம் ஐந்து, எல்லாம் மதராஸில் கிடைத்தவை. இவற்றில் சில்வியாவின் கதை தனி. ரோம் நகரை உண்டாக்கிய இரட்டையர் ரோமுலஸும் ரேமுஸும் ரியா சில்வியாவின் பிள்ளைகள். போக்சன் அந்தத் தாயின் பெயரை வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். 2001-இல் அந்தப் பாறையைச் சுற்றி ஒரு குட்டி நிலவு இருப்பது தெரிந்தது. 2005-இல் இரண்டாவதும் இருப்பதாக அறிவித்தார்கள். இரண்டு நிலவுகளோடு கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் சில்வியாதான். நிலவுகளுக்கு என்ன பெயர் வைப்பது என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. ஒன்று ரோமுலஸ், இன்னொன்று ரேமுஸ். பெயர் வைத்து 139 வருடம் கழித்துப் பிள்ளைகள் வந்து சேர்ந்த மாதிரி.

அதே வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டார். ஆனால் விண்மீனுக்கு இந்தப் பெயர்சூட்டும் உரிமையெல்லாம் கிடையாது. அதற்கு ஆர் ரெட்டிகுலி என்ற குறியீடுதான். அது சிறுகோளாக இருந்திருந்தால் வானத்தில் ஒரு சிந்தாமணியே இருந்திருக்கலாம் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த மூன்று வயதுக் குழந்தை ஐசிஸ் என்ன ஆனாள்? அப்பாவோடு மதராஸுக்கு வந்து வளர்ந்தாள். 1873 முதல் அதே வானாய்வகத்தில் கணக்கராக வேலை. கணக்கர் என்றால் சம்பளக் கணக்கு இல்லை, அளந்து வந்த எண்களையெல்லாம் வானத்து இடங்களாக மாற்றும் கணக்கு. பின்னால் மதராஸ் அரசின் வானிலைப் பணியும் அவர் கைக்கு வந்தது. 1886-இல் லண்டனின் ராயல் வானியல் கழகத்துக்கு அவர் பெயரை அப்பா முன்மொழிந்தார். பெண் என்பதால் சேர்க்கவில்லை. 30 வருடமாக வானத்தில் அவர் பெயர் சுற்றிக்கொண்டிருந்தது, வானத்தைப் படிக்கிறவர்களின் உறுப்பினர் பட்டியலில் மட்டும் இடமில்லை. 1920-இல்தான் உறுப்பினராக்கினார்கள். அப்போது அவருக்கு அறுபத்தைந்து தாண்டிவிட்டது.

பெயரை விற்றவரும் உண்டு. ஆஸ்திரியாவின் யோஹான் பலிசாவுக்கு 1886 ஆகஸ்டு சூரிய கிரகணத்தைப் பார்க்கப் போகக் காசு வேண்டும். 1885-இல், தான் கண்ட ஒரு சிறுகோளுக்குப் பெயர் வைக்கும் உரிமை 50 பவுண்டுக்கு விற்பனைக்கு என்று விளம்பரமே கொடுத்துவிட்டார். ரோத்ஷில்ட் குடும்பத்துப் பிரபு ஒருவர் வாங்கித் தன் மனைவி பெட்டினாவின் பெயரை வைத்தார். எண் 250. இன்று இந்த வியாபாரம் செல்லாது. இதை நான் அத்தானிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். மூத்தவளின் முதல் பிறந்தநாளுக்கு அவர் ஏதோ ஓர் இணையதளத்தில் பணம் கட்டி அவள் பெயரில் ஒரு நட்சத்திரம் 'வாங்கி', சான்றிதழை லேமினேட் செய்து ஹாலில் மாட்டியிருக்கிறார். அந்தச் சான்றிதழை எந்த வானியலாளரும் மதிக்க மாட்டார். இத்தனை வருடமாக நான் வாயைத் திறக்கவில்லை, இப்போது எழுதிவிட்டேன். அத்தான் படிக்க மாட்டார் என்று ஒரு நம்பிக்கை.

செல்லப் பிராணிகளும் ஏறியிருக்கின்றன. ஜெர்மனியின் மாக்ஸ் வோல்ஃப் 482, 483 எண்களுக்குத் தன் இரண்டு நாய்களின் பெயரை வைத்தார். 1971-இல் கண்ட 2309-ஆம் எண்ணுக்கு ஒரு பூனையின் பெயர், மிஸ்டர் ஸ்பாக். பூனைக்கு அந்தப் பெயர் ஒரு டிவி தொடர்ப் பாத்திரத்திலிருந்து வந்தது. அதற்கப்புறம் பிராணிப் பெயர் வேண்டாமே என்று கேட்டுக்கொள்ளும் நிலை வந்தது.

எனக்கு இதைவிடச் சுவை கஸ்டாவ் ஸ்ட்ராக்கியின் கதை. பெர்லினில் சிறுகோள்களின் பாதைகளைக் கணக்கிட்டவர், தன் பெயரை எதற்கும் வைக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்ட அடக்கமான மனிதர். ஹைடல்பெர்க்கின் கார்ல் ரைன்முத் சரி என்றார். 1227 முதல் 1234 வரை எட்டுச் சிறுகோள்களுக்குத் தாவரங்களின் பெயராக வைத்தார்: ஜெரேனியம், ஸ்காபியோசா, டிலியா, ரிச்சியா, ஆரிகுலா, கார்டுசா, கோப்ரேசியா, எலினா. ரோமன் எழுத்தில் ஒவ்வொன்றின் முதல் எழுத்தையும் வரிசையாக எடுத்தால் ஜி. ஸ்ட்ராக்கி! நம் சித்திரகவிக்காரர்கள் ஒரு பாட்டுக்குள் இன்னொரு பாட்டை ஒளித்து வைத்தார்களே, கரந்துறைச் செய்யுள், அதை வானத்தில் எழுதிக் காட்டியவர் ரைன்முத். இத்தனையும் போதாதென்று 1019-ஆம் எண் நேரடியாகவே ஸ்ட்ராக்கியா என்று இருக்கிறது. அடக்கத்துக்கும் ஒரு எல்லை உண்டு போல.

வியாழனின் பாதையில் முன்னும் பின்னுமாக இரண்டு கூட்டமாகச் சுற்றும் சிறுகோள்களுக்கு டிராய்ப் போரின் வீரர்கள் பெயர். முன்னால் போகும் கூட்டம் கிரேக்கப் படை, பின்னால் வருவது டிராய்ப் படை. இந்தப் பிரிவினை உறுதியாவதற்கு முன்பே இரண்டு பேர் இடம் மாறி உட்கார்ந்துவிட்டார்கள். டிராயின் ஹெக்டர் கிரேக்க முகாமில், கிரேக்கத்தின் பட்ரோக்ளஸ் டிராய் முகாமில். ஆளுக்கொரு விபீஷணன்.

வேராவுக்குப் பிறகு இந்தியாவிலிருந்து சிறுகோள் கண்டுபிடிப்பு நூறு வருடத்துக்கு மேல் நின்றுபோனது. அந்த இடைவெளி முடிந்ததும் தமிழ்நாட்டில்தான். வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறினால் காவலூர். அங்கே உள்ள வானாய்வகத்தில் 45 செ.மீ. ஷ்மிட் தொலைநோக்கியைக் கொண்டு, கல்கி என்ற பெயரில் நடந்த தேடல் திட்டத்தில், 1988 பிப்ரவரி 17 அன்று ஆர். ராஜமோகன் ஒரு சிறுகோளைக் கண்டார். பிப்ரவரி பின்பாதி, ஆகவே பஞ்சாங்க எழுத்து டி. ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவரின் நூற்றாண்டு கொண்டாடி முடித்த சூடு அப்போது ஆறவில்லை. எண் 4130, பெயர் ராமானுஜன்.

4538 விஷிஆனந்த் வேறு வழியில் வந்தது. 1988-இல் ஜப்பானில் கண்ட பாறை. பல வருடம் பெயரில்லாமல் கிடந்து, 2015-இல் செஸ் பைத்தியம் பிடித்த வானியலாளர் மைக்கேல் ருடென்கோ மூலமாக நம் விஸ்வநாதன் ஆனந்துக்கு வந்து சேர்ந்தது. தாமதமாக வைத்தாலும் நல்ல பெயர் கிடைக்கும் என்று அக்காவுக்கு அந்தக் கதையையும் சொன்னேன்.

2026 ஜனவரி, கெடு முடிய ஒரு வாரம் இருக்கும்போது அக்கா ஃபோன் செய்தாள். பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற தமிழாசிரியை ஒருவர் இருக்கிறார். 'சே' என்றதும் அவர் யோசிக்கவே இல்லையாம், சேயிழை என்றாராம். அக்காவுக்குப் பிடித்துவிட்டது. அத்தான் நகராட்சி அலுவலகத்துக்குப் போய்ப் பெயரைச் சேர்த்துவிட்டு வந்தார். ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தேன், 16-க்குள் தாராளமாக அடங்குகிறது.

மாமியார் மட்டும் சான்றிதழைக் கையில் வாங்கி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "சே... யி... ழை" என்று ஒரு தடவை எழுத்துக் கூட்டினார். ழை சரியாக வரவில்லை. சான்றிதழை மடித்து பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, "பாப்பா, வாடி சாப்பிட" என்றார். அவள் தவழ்ந்து போனாள்.